மலையேறும் பெண்களுக்கு இலகுவான சப்பாத்து: தேர்ந்தெடுக்கும் முறை

கண்டி ஹந்தானையில் தொடங்கி ஹட்டன், ஹப்புத்தளை, எல்ல எனச் சுற்றி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ நடைபாதை 22 பகுதிகளாக 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதில் பெரும்பகுதி நம் பாட்டிமார் கூடையோடு நடந்த தோட்டப் பாதைகள்தான். இப்போது அதே பாதைகளில் நம் பெண் பிள்ளைகள் ஆசைக்காகவும் நடக்கிறார்கள், வழிகாட்டி வேலைக்காகவும் நடக்கிறார்கள். இதில் எனக்கு நிறையச் சந்தோசம். ஆனால் அவர்களுடைய கால்களைப் பார்த்தால் கவலை வந்துவிடுகிறது. அண்ணன் போட்டுக் கழித்த சப்பாத்து, பாடசாலை வெள்ளைச் சப்பாத்து, அல்லது நிறம் பிடித்ததற்காக வாங்கிய ஓட்டச் சப்பாத்து. மலையேறும்போது இவற்றால் பெரிய தொல்லை வராது. இறங்கும்போதுதான் நகம் கறுக்கிறது, குதிகால் உரிகிறது, ஈரக் கல்லில் கால் வழுக்குகிறது.

முதல் தடவையாக மலைநடைச் சப்பாத்து வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலகுவான சப்பாத்தையே வாங்குங்கள், ஆனால் எடை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். குதிகாலைப் பிடித்து வைக்கிறதா, ஈரத்தில் நிற்கிறதா என்ற இரண்டும் சரியாக இருந்த பிறகுதான் கிராம் கணக்கு.

எந்தப் பாதை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகுமுன் அடுத்த ஒரு வருடத்தில் எங்கெல்லாம் நடக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். மலையகத்துப் பாதைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலைக்குப் போனால் ஏறக்குறைய 5,500 படிகள். உயரம் ஒவ்வொன்றும் ஒருவிதம், கல்லும் சீமெந்தும் கலந்திருக்கும். இறங்கும்போது முழு உடல் எடையும் விரல் நுனிக்குத்தான் போகும். ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்து, பேக்கர் நீர்வீழ்ச்சி வழியாகத் திரும்பும் சுற்று சுமார் 9 கிலோமீட்டர். ஏற்றம் அதிகமில்லை, ஆனால் விடியற்காலைக் குளிரும் பனியில் நனைந்த புல்லும் உண்டு. ஹப்புத்தளையில் தம்பேதன்னையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறினால் பெரும்பாலும் தோட்டத்து ரோடு. சல்லிக்கல் உள்ளங்காலில் குத்தும். நக்கிள்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் என்றால் வேர், பாசி, ஓடை, இரத்தம் குடிக்கும் அட்டை.

இவற்றோடு தேயிலை மலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதைகளைச் சேருங்கள். செம்மண் நனைந்தால் சப்பாத்தில் அப்பிக்கொள்ளும், கானைத் தாண்டும் இடத்தில் கல் பச்சைப் பாசியாக இருக்கும். புதிதாக வருபவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

காலத்தையும் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளைப் பக்கத்தை நனைக்கும். அந்த மாதங்களில் பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஒப்பீட்டளவில் காய்ந்திருக்கும். வருடக் கடைசியில் வடகீழ் மழை ஊவாப் பக்கத்துக்கு வரும். எப்படியானாலும் ஈரத்தைத் தவிர்க்க முடியாது. அதனால் ஈரத்துக்கு ஏற்ற சப்பாத்துத்தான் இங்கே பொதுச் சப்பாத்து.

எடை

எடையைக் கையில் தூக்கிப் பார்த்து மதிப்பிட வேண்டாம், பலசரக்குக் கடைத் தராசில் வைத்தாலே போதும். பெட்டியிலோ இணையத்திலோ எடை போட்டிருந்தால் அது ஒற்றைச் சப்பாத்துக்கா, சோடிக்கா என்று கேளுங்கள். அநேகமாக ஒற்றைக்குத்தான் போடுவார்கள், அதுவும் 38 போன்ற ஒரு மாதிரி அளவுக்கு. நீங்கள் 41 போடுபவர் என்றால் அந்த எண் உங்களுக்குப் பொருந்தாது.

பொதுவாக, மண் பாதையில் ஓடுவதற்கான பெண்களின் சப்பாத்து ஒற்றைக்கு 220 முதல் 300 கிராம் வரும். கணுக்காலுக்குக் கீழே நிற்கும் மலைநடைச் சப்பாத்து 300 முதல் 400, கணுக்காலை மூடும் பூட்ஸ் 400 முதல் 550, பழைய முறைத் தோல் பூட்ஸ் 600க்கு மேல். நம் பாதைகளில் ஒரு நாள் நடைக்கு 260 முதல் 360 வரை உள்ளது நல்லது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் கீழே போனால் பெரும்பாலும் சோல் மெலிந்துவிடும், சல்லிக்கல் ரோட்டில் உள்ளங்கால் வலிக்கும்.

எடைக்கு ஏன் இவ்வளவு பாடு? சிவனொளிபாதத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு காலைத் தூக்குகிறீர்கள். ஒற்றைச் சப்பாத்தில் 200 கிராம் கூடினால், 5,500 படிகளில் சிறிது சிறிதாக 1,100 கிலோவை மேலதிகமாகத் தூக்கியிருப்பீர்கள். முதுகில் இருக்கும் எடையைவிடப் பாதத்தில் இருக்கும் எடை பல மடங்கு களைக்க வைக்கும் என்பது மலையேறுபவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

பலர் கவனிக்காத இன்னொன்று நனைந்த எடை. கடையில் 280 கிராம் இருக்கும் சப்பாத்து ஓடையைத் தாண்டிய பிறகு எவ்வளவு இருக்கும்? கழுத்துப் பகுதியிலும் நாக்கிலும் தடித்த ஸ்பொஞ்ச் இருந்தால் அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று தடிப்பாக இருப்பது கடையில் சுகமாகத் தெரியும், மழையில் பாரம். மெல்லிய கழுத்தும் தண்ணீர் வடிகிற துணியும் உள்ளதை எடுங்கள்.

பெண்களுக்கானது என்றால் உண்மையில் என்ன

சில கம்பனிகள் ஆண்களின் சப்பாத்தையே சின்னதாக்கி, ஊதா நிறம் பூசி, பெண்களுக்கானது என்று விற்கின்றன. உண்மையாகவே பெண்களின் பாதத்துக்குச் செய்த அச்சு, அதாவது சப்பாத்துக்கு வடிவம் கொடுக்கும் பாத மாதிரி, வேறு. சராசரியாகப் பார்த்தால், அதே நீளமுள்ள ஆணின் பாதத்தைவிடப் பெண்ணின் பாதத்தில் குதிகால் ஒடுங்கியது, பாதத்தின் மேல்மேடு தாழ்ந்தது. ஆண்களின் சப்பாத்தைப் போட்டால் முன்பக்கம் சரியாக இருக்கும்போதே பின்பக்கம் குதிகால் ஏறி இறங்கும். அந்த உரசலில்தான் கொப்புளம் வருகிறது.

இன்னொரு விசயத்தையும் சொல்ல வேண்டும். சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும், விரல்கள் தள்ளித் தள்ளி நிற்கும். தோட்டத்தில் பிறந்த எங்களில் அநேகம் பேருக்கு இப்படித்தான். இது பாதத்தின் குறையே இல்லை, மலையில் நிற்க மிக நல்ல பாதம் அது. ஆனால் பல வெளிநாட்டு அச்சுகள் முன்பக்கம் ஒடுங்கியவை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். ஆல்ட்ரா, டோபோ, கீன் போன்றவை முன்பக்கத்தை அகலமாக விட்டுச் செய்வதில் பெயர் பெற்றவை. வேறு சில பிராண்டுகளில் அகல அளவு தனியாக உண்டு. ஆல்ட்ராவின் பெரும்பாலான சப்பாத்துகளில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் இருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். குதி உயர்ந்த சப்பாத்துக்குப் பழகியவர் திடீரென்று அதற்கு மாறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக வேண்டும்.

பெண்கள் பிரிவில் உங்கள் பாதத்துக்குச் சரியானது கிடைக்கவில்லை, ஆண்களின் சின்ன அளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்றால் யோசிக்காமல் அதை எடுங்கள். பெட்டியில் யார் பெயர் இருக்கிறது என்பது பாதத்துக்குத் தெரியாது.

அளவை மில்லிமீட்டரில் எடுங்கள்

கொழும்புக்குப் போகிற தம்பியிடமோ, குவைத்தில் வேலை செய்யும் அக்காவிடமோ சொல்லித்தான் பலர் சப்பாத்து எடுப்பிக்கிறோம். அப்போது “எனக்கு ஏழு” என்று சொன்னால் வம்பு. பெண்களின் அமெரிக்க 7 என்பது பிரித்தானிய அளவில் ஏறக்குறைய 5, ஐரோப்பிய அளவில் ஏறக்குறைய 38. ஆண்களின் அமெரிக்க 7 வேறு.

செய்ய வேண்டியது இதுதான். பின்னேரம், நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், சுவரோரம் ஒரு தாளை வைத்துக் குதிகால் சுவரில் படும்படி முழு எடையோடு நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில் வேறொருவரைக் கோடு போடச் சொல்லுங்கள். நீங்களே குனிந்தால் அளவு மாறிவிடும். மிக நீண்டது பெருவிரலாக இருக்க வேண்டும் என்றில்லை, பலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம். இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் எண்ணை எடுங்கள். முன்பாதத்தின் அகலமான இடத்தையும் குறியுங்கள். அந்தத் தாளைப் படம் எடுத்து, மில்லிமீட்டர் எண்ணோடு அனுப்புங்கள்.

மலை இறக்கத்துக்கு விரலின் முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் வேண்டும். ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் சுமார் 6.7 மில்லிமீட்டர் நீளம் கூடும். அதனால் வழக்கமாகப் போடும் அளவைவிட அரை அல்லது ஒரு எண் கூட எடுப்பது சாதாரணம்தான், பயப்பட வேண்டாம்.

கடையில் போட்டுப் பார்ப்பது

நடக்கும்போது போடப் போகும் மேஸையே (காலுறையையே) கொண்டு போங்கள். பாடசாலைப் பருத்தி மேஸ் வேண்டாம், நனைந்தால் காயாது, தோலை ஊறவைத்து உரிக்கும். கம்பளி கலந்ததோ செயற்கை நூலோ எடுங்கள். அட்டைக்காக முழங்கால் வரை கட்டும் துணி உறை போடுபவர் என்றால் அதையும் மேஸுக்கு மேல் போட்டே சப்பாத்தைப் பாருங்கள். அதன் தையல் பாதத்தின் கீழே வந்து இடத்தைப் பிடிக்கும்.

முதலில் சப்பாத்தின் உள் சோலை வெளியே எடுத்து அதன் மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்தச் சப்பாத்து ஒடுக்கம், திருப்பி வைத்துவிடலாம். பொருந்தினால் உள்ளே போட்டு, லேஸைக் கீழிருந்து மேலாக ஒழுங்காக இறுக்கிக் கட்டி, கடையில் படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். படி இல்லாவிட்டால் வாசலில் சரிவு தேடுங்கள், நம் நகரங்களில் சரிவுக்குப் பஞ்சமில்லை. ஏறும்போது குதிகால் தூக்குகிறதா என்று பாருங்கள். இறங்கும்போது காலைக் கொஞ்சம் பலமாக ஊன்றுங்கள். விரல் ஒரு தடவை முன்னால் முட்டினாலும் அந்த அளவு வேண்டாம்.

குதிகால் கொஞ்சம்தான் தூக்குகிறது என்றால் மேலே உள்ள கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் வேறு சப்பாத்தைப் பாருங்கள்.

சோல்: இங்கே நேரம் எடுங்கள்

சப்பாத்தைத் திருப்பினால் பற்கள் தெரியும். ஆழமான பல் என்றால் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பது பாதி சரி. சேற்றிலும் மானாப் புல்லிலும் பல்தான் வேலை செய்கிறது, அது மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். ஈரக் கல்லிலும் சீமெந்துப் படியிலும் பல்லுக்கு இறங்க இடமில்லை. அங்கே பிடிப்பது இறப்பரின் மென்மையும், கல்லைத் தொடும் பரப்பும்தான். ஆறு மில்லிமீட்டர் கூர்ப்பல் உள்ள சேற்றுச் சப்பாத்தைப் போட்டுச் சிவனொளிபாதத்துக்குப் போனால் சில முனைகளில் மட்டும் நிற்கிறீர்கள் என்று அர்த்தம்.

நமக்கு இரண்டும் வேண்டும். ஆகவே நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் ஆழம், தலை தட்டையாக அகன்ற பற்கள், பற்களுக்கு நடுவே விரல் நுனி நுழையும் இடைவெளி. இடைவெளி குறைந்தால் செம்மண் அடைத்து, பத்து அடிக்குள் சோல் வழவழப்பாகிவிடும். குதிப்பகுதிப் பற்கள் முன்பகுதிப் பற்களுக்கு எதிர்த்திசையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், இறக்கத்தில் பிரேக் அவைதான்.

இறப்பரைச் சோதிக்கப் பெருவிரல் நகத்தால் அழுத்துங்கள். நகம் கொஞ்சம் பதிந்து மெல்ல மீண்டால் நல்லது. பிளாஸ்டிக் மாதிரி பளபளத்து, நகம் வழுக்கினால், அது வருடக்கணக்கில் தேயாது, ஈரக் கல்லிலும் நிற்காது. வைப்ரம் என்று மஞ்சள் முத்திரை இருந்தால் மட்டும் திருப்தி அடைய வேண்டாம். அந்தக் கம்பனி பல வகை இறப்பர் செய்கிறது, ஈரத்துக்குப் பெயர் பெற்றது மெகாகிரிப் என்ற வகை. மென்மையான இறப்பர் சீக்கிரம் தேயும் என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், விழாமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. பச்சைப் பாசி படர்ந்த கல்லில் மட்டும் எந்த இறப்பரும் நிற்காது. அங்கே காலை வைக்காமல் இருப்பதுதான் வழி.

அடுத்து, இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் அது வீட்டுச் செருப்புத் தரம். பிறகு துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் எதிர்ப்பு வேண்டும். எதிர்ப்பே இல்லாவிட்டால் சரிந்த பாதையில் கணுக்கால்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டிவரும்.

மேற்பகுதி, தண்ணீர், அட்டை

கோர்டெக்ஸ் போன்ற நீர்புகாச் சவ்வு உள்ள சப்பாத்துக்கு விலையும் கூட, மதிப்பும் கூட. நம் மழைக்கு அது பெரிதாக உதவாது என்பது என் உறுதியான எண்ணம். மழை காலில் வழிந்து கழுத்து வழியாக உள்ளே இறங்கும், ஓடையில் முழங்கால் வரை நனையும். உள்ளே போன தண்ணீரைச் சவ்வு வெளியே விடாது, காயவும் நேரம் எடுக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் காலைப் பனிப் புல்லில் மட்டும் நடப்பவருக்கு அது பிரயோசனம். மற்றவர்கள் சீக்கிரம் வடிந்து காயும் துணியை எடுங்கள்.

ஆனால் துணியின் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். பசியோடு வரும் அட்டை நூல்போல் மெலிந்திருக்கும், பெரிய கண் உள்ள வலைத்துணி அதற்குத் திறந்த கதவு. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அத்தோடு நாக்கின் இரண்டு ஓரமும் சப்பாத்தோடு சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் லேஸ் பக்கம் அட்டையும் நுழையாது, மண்ணும் நுழையாது. உப்பு, சவர்க்காரம், சித்தாலேப என்று எதைப் பூசினாலும் மழையில் கரையும், நல்ல நெசவும் துணி உறையும்தான் நிலைத்த காவல்.

விரல் முன்னால் இறப்பர் மூடி இருக்கட்டும், தேயிலை அடிக்கட்டை விரலைப் பதம் பார்க்கும். உயரமான பூட்ஸா, தாழ்ந்ததா என்று கேட்டால், ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவரும் பாரமான பை சுமப்பவரும் உயரத்தை எடுங்கள். மற்றவர்களுக்குத் தாழ்ந்தது போதும்.

பழைய சப்பாத்து வாங்கினால்

புதியது வாங்கக் கைக்கு எட்டாவிட்டால் பேல் கடைகளில் நல்ல பெயர் உள்ள பழையவை கிடைக்கும். நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு ஆபத்து உண்டு. பல மலைநடைச் சப்பாத்துகளின் நடுச் சோல் பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. போடாமல் பெட்டியில் கிடந்தாலும் காற்றின் ஈரம் அதைச் சில வருடங்களில் உள்ளுக்குள் சிதைத்துவிடும். மேலே புதிதுபோல் பளபளக்கும், மலையில் போய் இரண்டு மணி நேரத்தில் சோல் முழுதாகக் கழன்று விழும்.

சோலின் பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். மாவுபோல் உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ வேண்டாம். நாக்கின் உட்பக்க லேபிளில் தயாரித்த மாதம், வருடம் போட்டிருந்தால் பாருங்கள், ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதை நான் எடுக்கச் சொல்ல மாட்டேன். மேற்பகுதியும் சோலும் சேரும் கோட்டை முன்பக்கம் வளைத்து, வாய் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய பிறகு

பில்லைப் பத்திரமாக வைத்து, மாற்றித் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு, முதல் சில நாள் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள். எங்காவது ஒரு புள்ளி உறுத்தினால் அது நடையில் புண்ணாகும், உடனே மாற்றுங்கள். சரியாக இருந்தால் பக்கத்திலேயே ஒரு சின்னச் சுற்று போய் வாருங்கள். அதில் ஏற்றம், நீண்ட இறக்கம், சல்லிக்கல், ஈரக் கல் நான்கும் இருக்கட்டும். நல்ல கைப்பிடி உள்ள இடத்தில் ஈரக் கல்லின் மேல் மெதுவாக எடையைக் கொடுத்து, எந்தச் சரிவில் வழுக்கத் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய மலையில் அந்த அறிவுதான் காப்பாற்றும். தண்ணீரிலும் ஒரு தடவை முழுதாக நனைத்து நடந்து பார்த்து, திரும்பி வந்து தராசில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உள் சோலையும் லேஸையும் கழற்றி, மண்ணைக் கழுவி, உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். அடுப்புக்கு மேல் கொழுவிக் காயவைப்பது லயத்து வீடுகளில் பழக்கம், ஆனால் அந்தச் சூடு பசையை இளக்கி ஸ்பொஞ்சைச் சுருக்கிவிடும்.

குதிப்பகுதிப் பற்கள் பாதியாகத் தேய்ந்துவிட்டால் அந்தச் சோடியை மலைக்குக் கொண்டு போகாதீர்கள், கொழுந்து மலைக்கோ தோட்ட வேலைக்கோ ஒதுக்குங்கள். சிவனொளிபாதப் பருவம் டிசம்பர்ப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் வரை போகும். அதற்குப் புதுச் சோடி வேண்டும் என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள், கால் பழக ஒரு மாதமாவது கிடைக்கும்.